முதலில் தீப்பொறி, பிறகுதான் கார்புரேட்டர்

பழைய ஃபோர்டு எஸ்கார்ட், கார்ட்டினா, மினி, பீட்டில், அல்லது பக்கி என்று தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டிகளில் ஒரு டட்சன் 1200, நிசான் 1400. இவற்றில் ஒன்றை வைத்திருப்பவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மனம் முதலில் போவது காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்குத்தான். பானெட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது அதுதானே. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் செலவு செய்ய வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். தீப்பொறி சரியான நேரத்தில், நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவில் விழுகிறது என்று உறுதியாகும்வரை கார்புரேட்டரின் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கிய எஞ்சின், பெட்ரோல் கலவை கெட்ட எஞ்சினைப் போலவே நடிக்கும்: இழுவை இருக்காது, சூடேறும், பெட்ரோல் குடிக்கும், ஐடில் நிற்காது. அந்த நடிப்பை நம்பி, பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டை மாற்றினால் ஒரு கோளாறு இரண்டாகும்.

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வண்டி கடல் மட்டத்திலும் 1,750 மீட்டர் உயரத்திலும் ஓட வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம். எந்தப் பாகத்தை வாங்குவது என்பதை முடிவு செய்வதில் அந்த உயரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வாங்கும் முன் அளந்து பார்ப்பது

முதல் அளவு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். எஞ்சின் சூடான பிறகு நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் பிளஸ் வயரை எடுத்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரைச் சுழற்றி மீட்டரைப் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கார்புரேட்டர், இக்னிஷன் (தீப்பொறி அமைப்பு) இரண்டையும் மறந்துவிட்டு வால்வையும் ரிங்கையும் பாருங்கள். இங்கே ஊரைக் கணக்கில் எடுக்க வேண்டும். டர்பனில் 170 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல எஞ்சின் ஜோகன்னஸ்பர்கில் 140 அளவில்தான் காட்டும். காற்றழுத்தம் அங்கே ஆறில் ஒரு பங்கு குறைவு. இது தெரியாமல் ஜோகன்னஸ்பர்கின் லெனேசியாவில் எடுத்த அளவைப் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, நல்ல எஞ்சினைப் பிரித்துப் போடுவது வீண் வேலை.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் வேக்கம் மீட்டரும் அப்படித்தான். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டினால் எஞ்சின் நலம். 300 மீட்டர் உயரத்துக்கு ஓர் அங்குலம் என்று கழித்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்கில் 11 முதல் 15 வரை வந்தாலே நல்லது. முள் ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் எண்ணைவிட முக்கியம். ஒரே சீராகத் துடித்தால் ஒரு வால்வில் கசிவு. மெதுவாக அலைந்தால் ஐடில் கலவையைப் பாருங்கள். நிலையாக, ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அல்லது மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று நுழையலாம்.

அடுத்து வால்வு இடைவெளி. மினியின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் 0.30 மி.மீ. டட்சன் ஏ12-க்குச் சூட்டில் இரண்டும் 0.35. இதைச் சரிசெய்ய ஒரு ஃபீலர் கேஜும் அரை மணி நேரமும் போதும். ஐடில் தடுமாற்றம் பாதி நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

கோளாறு தீப்பொறியிலா பெட்ரோலிலா என்று ஓட்டும்போதே ஓரளவு பிரித்தறியலாம். தீப்பொறிக் கோளாறு வெட்டிப் போட்டாற்போல் வரும். ஏற்றத்தில், சூட்டில், டர்பன் கோடையின் ஈரக் காற்றில் அதிகமாகும். பெட்ரோல் கோளாறு இழுத்து இழுத்து வரும், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விட்டால் தெளியும். ஒரே வேகத்தில் போகும்போது வண்டி திணறினால் சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் தேறினால் கலவையில் பெட்ரோல் குறைவு. மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், இல்லையென்றால் கோளாறு இக்னிஷனில்.

இருக்கும் இக்னிஷனை முதலில் நிமிர்த்துங்கள்

பாயிண்ட்டுக்கு (திறந்து மூடித் தீப்பொறியை எழுப்பும் தொடுமுனை) பதிலாக வரும் எலெக்ட்ரானிக் கிட் வாங்குவதற்கு முன் பழைய பாயிண்ட்டோடு டிஸ்ட்ரிபியூட்டரைச் சோதிப்பது அவசியம். கிட் மாற்றுவது பாயிண்ட்டையும் கண்டென்சரையும் மட்டும்தான். தேய்ந்த புஷ், துருப்பிடித்த அட்வான்ஸ் எடைகள் (சுற்று கூடும்போது டைமிங்கை முன்னேற்றுபவை), கிழிந்த வேக்கம் டயஃப்ரம் எல்லாம் அப்படியே உள்ளே கிடக்கும்.

மூடியைக் கழற்றி ரோட்டர் நிற்கும் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும்: ஐடிலில் ஓர் அளவு, 3,000 சுற்றில் ஓர் அளவு எடுங்கள், வித்தியாசம் 3 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் ஒவ்வொரு மாதிரி என்று அர்த்தம். அதன் மேல் எந்தக் கிட்டைப் போட்டாலும் பாதிப் பலன்தான்.

ரோட்டரை அது சுழலும் திசையில் கையால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் அதைச் சட்டென்று திரும்ப இழுக்க வேண்டும். மந்தமாகத் திரும்பினால் அடித்தட்டைக் கழற்றி எடைகளைச் சுத்தம் செய்து இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காலையில் அது கெட்டியாகிவிடும். வேக்கம் கேப்ஸ்யூலின் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். அடித்தட்டு நகர்ந்து அங்கேயே நின்றால் டயஃப்ரம் நலம். மெதுவாகத் திரும்பி வந்தால் கிழிந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் பெட்ரோல் செலவு ஏறுவதற்கு இந்தச் சின்னக் கிழிசல் ஒரு பெரிய காரணம். ஆனாலும் பழி எப்போதும் கார்புரேட்டர் மேல்தான் விழும்.

பாயிண்ட் இடைவெளி டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஏற்ப மாறும். மினியில் வரும் லூகாஸ் 25டி, 45டி இரண்டுக்கும் 0.35 முதல் 0.40 மி.மீ. பீட்டிலின் போஷுக்கு 0.40. டட்சனுக்கு 0.45 முதல் 0.55. ஃபோர்டில் மோட்டார்கிராஃப்ட் இருந்தால் 0.64, போஷ் இருந்தால் அதைவிடக் குறைவு. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் பொறித்திருக்கும் பெயரைப் படித்துவிட்டு ஃபீலர் கேஜை எடுங்கள். இடைவெளியை முதலில் வையுங்கள், டைமிங்கைப் பிறகு வையுங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் முன்னேறும். குதிகால் தேய்ந்து இடைவெளி குறையக் குறைய டைமிங் பின்வாங்கும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும்.

டைமிங் லைட்டில் பார்க்கும்போது வேக்கம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிடுங்கள். ஐடில் அளவை மட்டும் பார்த்து நிறுத்தாமல், சுமார் 3,500 சுற்றில் மொத்த அட்வான்ஸையும் பாருங்கள். பீட்டிலுக்கு 28 முதல் 32 டிகிரி. ஏ-சீரிஸுக்கு 30-ஐ ஒட்டி. ஃபோர்டு கென்ட் எஞ்சினுக்கு 34 முதல் 36. ஐடிலில் சரியாக இருந்து மேலே குறைவாக வந்தால் எடைகள் ஒட்டியிருக்கின்றன. மேலே அளவு மீறினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது யாரோ வேறு வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருக்கிறார்கள். ஸ்கிராப்யார்டிலிருந்து வந்த எஞ்சின்களில் இது அடிக்கடி நடக்கும்.

எலெக்ட்ரானிக் கிட் மாட்டும்போது எரிவது எப்படி

நன்றாக வைத்த புதிய பாயிண்ட்டோடு ஒப்பிட்டால் கிட் கூடுதல் குதிரைசக்தி எதையும் தராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. வைத்த டைமிங் மாதக்கணக்கில் நகராமல் நிற்பதுதான் அது தரும் லாபம். குளிரில் ஸ்டார்ட் ஆவது, உயர் சுற்றில் தவறாமல் எரிவது, ஐடில் சீராக இருப்பது எல்லாம் அதிலிருந்து வருபவை. தினமும் ஓட்டும் வண்டிக்கு இதைவிடப் பயனுள்ள செலவு குறைவு.

கிட்டை எரிப்பவை மூன்று. முதலாவது எர்த், அதாவது பாடியோடு சேர்ந்த பேட்டரி முனை. 1960-களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். மைனஸ் எர்த்துக்கான கிட்டை அதில் மாட்டினால் சாவியைத் திருப்பிய கணமே போய்விடும். பேட்டரி வயரைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே கிட்டைக் கேளுங்கள்.

இரண்டாவது காயில். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, காயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே அளவிடுங்கள். 3 ஓம் வந்தால் சாதாரண 12 வோல்ட் காயில். 1.5 ஓம் வந்தால் அது மின்னோட்டத்தைக் குறைக்கும் பாலஸ்ட் மின்தடையோடு வேலை செய்யும் காயில். பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் என்ற கிட்டின் முதல் ரகம் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 3 ஓம் காயிலைக் கேட்கிறது. 1.5 ஓம் காயிலை நேராகக் கொடுத்தால் மின்னோட்டம் இரட்டிப்பாகும், கிட்டின் மின்னணுப் பகுதியான மாட்யூல் வறுபட்டுப் போகும்.

மூன்றாவது அந்தப் பாலஸ்ட்டேதான். எஸ்கார்ட், கார்ட்டினா பலவற்றில் அது தனிப் பாகமாக இருக்காது. சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வயரே மின்தடை வயராக இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, காயிலின் பிளஸ் முனைக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 12-ஐ ஒட்டி வந்தால் பாலஸ்ட் இல்லை. 6 முதல் 9 வந்தால் இருக்கிறது. அப்படியானால் ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் முனையிலிருந்து காயிலுக்குப் புதிய வயர் இழுத்து, 3 ஓம் காயிலையும் மாட்டுங்கள். பழைய வயரின் முனையை இன்சுலேஷன் சுற்றிக் கட்டி வையுங்கள். வெட்டி எறிய வேண்டாம்.

மாட்டும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பேட்டரியைக் கழற்றி, முதல் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, ரோட்டர் காட்டும் திசையை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் எடுங்கள். அடித்தட்டைப் பெட்ரோலால் துடைத்து, உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். மாட்யூலுக்கு எர்த் அந்தத் தட்டு வழியாகத்தான் போகிறது. காந்த வளையத்தைத் தண்டின் முகடுகளில் பொருத்தி அடிவரை அழுத்துங்கள். மாட்யூலுக்கும் வளையத்துக்கும் நடுவே, பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் துண்டின் தடிமன் அளவு, கிட்டத்தட்ட 0.75 மி.மீ., இடைவெளி விடுங்கள். சிவப்பு வயர் காயில் பிளஸ், கறுப்பு மைனஸ். வேக்கம் தட்டு அசையும்போது வயர் உரசாதபடி கொஞ்சம் தொங்கல் விட்டுக் கட்டுங்கள். டைமிங்கை மறுபடி வைத்தே ஆக வேண்டும், பழைய நிலை பொருந்தாது.

பிளக் வயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் மாற்றுங்கள். அதன் மின்காந்த இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். கார்பன் கருவுள்ள வயர் போதும். பிளக் இடைவெளியை 0.65-லிருந்து 0.75 அல்லது 0.80-க்குக் கூட்டலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது சாவியைப் போட்டபடி ரேடியோ கேட்கக் கூடாது, முதல் ரகக் கிட்கள் அதிலும் எரியும்.

கார்புரேட்டரை எப்போது மாற்றலாம்

மேலே சொன்னது எல்லாம் முடிந்த பிறகும் கோளாறு நின்றால் கார்புரேட்டருக்கு வாருங்கள். அப்போதும் முதல் கேள்வி மாற்றுவதா, சரிசெய்வதா என்பது. த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது தண்டின் இரண்டு முனையிலும் கார்ப் கிளீனரைச் சிறிது அடியுங்கள். சுற்று மாறினால் அங்கே காற்று நுழைகிறது. எந்த ஜெட்டும் அதைச் சரிசெய்யாது, தண்டுக்குப் புதிய புஷ் போட வேண்டும். தண்டு இறுக்கமாக இருந்தால் கேஸ்கெட் கிட், புதிய நீடில் வால்வு, சரியான ஃப்ளோட் மட்டம் ஆகியவற்றோடு பழைய கார்புரேட்டரே பல ஆண்டு ஓடும்.

எஸ்.யு. கார்புரேட்டர் இருந்தால் அதை வெபர் என்ற வேறு கார்புரேட்டருக்காகக் கழற்றும் முன் இரண்டு முறை யோசியுங்கள். மிக எளிய அமைப்பு அது, உயர வித்தியாசத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதன் தலையிலுள்ள எண்ணெய்க் குழாயான டேஷ்பாட்டில் 20 கிரேடு எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் தடுக்கும். கலவையைச் சோதிக்கப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் உயர்த்துங்கள். சுற்று ஒரு கணம் ஏறி அமர்ந்தால் சரி. ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி அணையப் பார்த்தால் குறைவு.

பெரிய கார்புரேட்டர் எப்போதும் அதிக சக்தி தரும் என்பது இந்த வட்டாரத்தில் அதிகப் பணத்தை விழுங்கிய நம்பிக்கை. கணக்கைப் பாருங்கள். 1300 எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் உறிஞ்சும் காற்று 2,900 லிட்டர் அளவுதான். தொழிற்சாலை கொடுத்த கார்புரேட்டரே அதை ஏறக்குறையக் கொடுக்கும். வாய் பெரிதானால் தாழ்ந்த சுற்றில் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் தூளாகாமல் துளியாக விழும். சந்தையில், சிக்னலில், ஏற்றத்தில் வண்டி திணறும். கேம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஹெட் எதுவும் மாறாத எஞ்சினுக்கு இரட்டை 40 மி.மீ. வெபர் தேவையில்லை.

கார்புரேட்டர் உடைந்துபோய், பழையதற்குப் பாகமும் கிடைக்கவில்லை என்றால், அல்லது எக்ஸாஸ்ட்டும் கேமும் மாற்றியிருந்தால், 1300 முதல் 2000 வரையிலான சாலை வண்டிக்கு வெபர் 32/36 நல்ல தேர்வு. 32 மி.மீ. வாய் தினசரி ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளும், 36 மி.மீ. வாய் மிதிக்கும்போது மட்டும் திறக்கும். பெட்ரோல் அழுத்தம் 2.5 முதல் 3.5 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். பம்ப் அதைத் தாண்டினால் ஃப்ளோட் நீடிலைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். அழுத்தத்தை அளந்து, தேவையானால் ரெகுலேட்டர் போடுங்கள்.

இக்னிஷனும் கார்புரேட்டரும் இங்கே மறுபடி சந்திக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் இரட்டை டி.சி.ஓ.இ. வெபரில் வேக்கம் அட்வான்ஸுக்கான குழாய் பொதுவாக இருக்காது. குழாயை அடைத்துவிட்டு அப்படியே ஓட்டினால் நெடுஞ்சாலையில் டைமிங் பின்தங்கும், பெட்ரோல் செலவு எகிறும். டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். 123 இக்னிஷன் போன்ற, உள்ளேயே பல அட்வான்ஸ் வளைவுகள் கொண்ட டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் வருவது இந்த இடத்தில்தான். பீட்டில்காரர்கள் விரும்பும் போஷ் 009-இலும் வேக்கம் இல்லை. அதை 34 பிக்ட்-3 கார்புரேட்டரோடு சேர்த்தால் மிதித்தவுடன் ஒரு பள்ளம் தெரியும். அது கார்புரேட்டர் குற்றமில்லை.

டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்குக்கும் நடுவே

ஜோகன்னஸ்பர்கில் காற்று ஆறில் ஒரு பங்கு மெலிது. நிலையான ஜெட் உள்ள கார்புரேட்டரில் காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை, ஆகவே கலவை 8, 9 சதவீதம் செழிப்பாகும். கூடவே கலவை மெதுவாக எரியும், நாக்கிங்கும் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) குறையும். அதனால் அங்கே வண்டி வைத்திருப்பவர் இரண்டு வேலை செய்யலாம். மெயின் ஜெட்டை 4, 5 சதவீதம் சிறியதாக்கலாம்: 140 இருந்தால் 135 அல்லது 132, 130 இருந்தால் 125. டைமிங்கை 2 முதல் 4 டிகிரி முன்னேற்றலாம். 93 ஆக்டேன் பெட்ரோலும் போதும்.

ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கோ, விடுமுறைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கோ இப்படி அமைத்த வண்டியை என்3 நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு டர்பன் வந்தால், அடர்ந்த காற்றில் அந்தச் சிறிய ஜெட் பெட்ரோல் பற்றாக்குறையைக் கொடுக்கும். முன்னேறிய டைமிங் நாக்கிங்கைக் கொடுக்கும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து பிஸ்டனின் தலையை உருக்கும். வான் ரீனன் கணவாய் வரை எதுவும் தெரியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் உள்ளே கூழாங்கல் குலுக்குவதுபோல் சத்தம் கேட்கும். கேட்டவுடன் காலை எடுங்கள், கியரைக் குறையுங்கள்.

டர்பனில் அமைத்த வண்டி மேலே போனால் செழிப்பாக ஓடும், பிளக் கறுக்கும், இழுவை குறையும், ஆனால் எதுவும் உடையாது. எனவே இரண்டு ஊருக்கும் போய்வரும் வண்டிக்கு ஜெட்டைக் கடற்கரைக்கே வைத்துவிட்டு, மேலே இருக்கும்போது டைமிங்கை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலும் எஞ்சின் பிளாக்கிலும் பெயிண்ட்டால் இரண்டு கோடு போட்டு, ஒன்று கடலுக்கு, ஒன்று மேட்டுநிலத்துக்கு என்று வைத்துக்கொண்டால் சாலையோரத்தில் ஒரே ஸ்பானரால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். கீழே இறங்கும்போது ஹாரிஸ்மித்திலேயே டைமிங்கைப் பின்னுக்கு வைத்து, டாங்கில் 95 நிரப்புங்கள்.

எலெக்ட்ரானிக் கிட் போட்ட வண்டியின் டிக்கியில், இடைவெளி வைத்துப் பார்த்த பழைய பாயிண்ட், கண்டென்சர், ஒரு ரோட்டர், ஃபீலர் கேஜ், ஒரு ஸ்க்ரூடிரைவர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். மாட்யூல் போனால் முன்னெச்சரிக்கை தராது, அந்த நெடுஞ்சாலையில் அடுத்த ஊர் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.